குழாய்க்கிணத்துத் தண்ணி, கொய் மீன் தொட்டி: கேஎச் 17, பின்னேரம் பீஎச் 8.8. குறைக்க வேணுமா?

பரந்தன்தொட்டி:

வணக்கம். விபரத்தை முதலே தாறன், பிறகு கேள்வி.

சீமெந்துத் தொட்டி. நீளம் 4 மீற்றர், அகலம் 3 மீற்றர், தண்ணி நிக்கிற ஆழம் 1.2 மீற்றர். ஆக 14,400 லீற்றர். கட்டி மூண்டு வருசம். வெட்டவெளி, நிழல் இல்லை. 14 கொய் (நிறக் கெண்டை), எல்லாம் ஒரு அடிக்கு மேல. தீன் நாளைக்கு 100 கிராம், புரதம் 38 வீதம். மூண்டு அறை வடிகட்டி, மணித்தியாலத்துக்கு 8,000 லீற்றர் இறைக்கிற மோட்டர். கிழமைக்கு 10 வீதம் தண்ணி மாத்துறது, குறையிறதுக்கும் அதே குழாய்க்கிணத்துத் தண்ணிதான்.

தண்ணி சோதிக்கிற சொட்டு மருந்தால பார்த்த அளவுகள் (கேஎச் எண்டது காரத்தன்மை, ஜீஎச் எண்டது கல்சியமும் மக்னீசியமும் சேர்ந்த மொத்தக் கடினம்):
கிணத்துத் தண்ணி, மோட்டர் போட்ட உடன: பீஎச் 7.1, கேஎச் 20 பாகை, ஜீஎச் 28 பாகை.
தொட்டி: கேஎச் 17, ஜீஎச் 27. காலமை 6 மணிக்குப் பீஎச் 8.1, பின்னேரம் 4 மணிக்கு 8.8. அமோனியா 0.25, நைத்திரைற்று 0.

சுவரிலயும் குழாய் வாயிலயும் வெள்ளைப் படை. பின்னேரம் இரண்டு போத்தல் வினாகிரி (ஒரு போத்தல் 750 மி.லீ.) ஊத்தினால் 8.5க்கு இறங்கி, அடுத்த பின்னேரம் திரும்ப 8.8. கடையில பீஎச் குறைக்கிற திரவம் வாங்கச் சொல்லுகினம்.

கேள்வி: இந்தத் தண்ணியை மென்மையாக்கத்தான் வேணுமா? அமிலம் பாவிக்கலாமா? 80 சதுர மீற்றர் ஓட்டுக்கூரையின்ர பீலிக் குழாயை நேரா தொட்டிக்குள்ள விட்டிருக்கு, மழையில தானா மென்மையாகும் எண்டு. அது சரியா? 5,000 லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒண்டும் சும்மா நிக்குது.


குளக்கட்டு:

கடைசிக் கேள்விதான் அவசரம். அந்தப் பீலிக் குழாயை இண்டைக்கே தொட்டியில இருந்து கழட்டுங்கோ. காரணத்துக்குப் பிறகு வாறன்.

உங்கட தண்ணி கடினம்தான், ஆனால் கொய்க்கு நோய் தாற தண்ணி இல்லை. ஒரு பாகை எண்டால் லீற்றருக்கு 17.9 மி.கி. கல்சியம் காபனேற்று. உங்கட கிணத்தில ஜீஎச் 28 = 500 மி.கி., கேஎச் 20 = 358 மி.கி. இலங்கைக் குடிநீர்த் தரம் (எஸ்எல்எஸ் 614) கடினத்துக்கு 250, காரத்தன்மைக்கு 200 எண்டு எல்லை வைச்சிருக்கு. நீர் வழங்கல் சபை அறிக்கையில இந்த இரண்டும் எல்லை தாண்டி நிக்கிறதைப் பார்த்துத்தான் கனபேர் பயப்பிடுகினம். அது மனிசர் குடிக்கிறதுக்கு வைச்ச அளவு. கெண்டை இனம் இதுக்குள்ள வடிவா வாழும். கேஎச் 6இல இருந்து 12 வரை இருந்தால் சுகம். 17 எண்டால் கூட, அவ்வளவுதான். கேஎச் 4க்குக் கீழ போனால்தான் நித்திரை கெடோணும்.

வினாகிரிக் கணக்கைப் பாருங்கோ. 5 வீத வினாகிரி ஒரு லீற்றர் கிட்டத்தட்ட 42 கிராம் காரத்தைத் தின்னும். உங்கட தொட்டியில கரைஞ்சு நிக்கிறது 300 × 14.4 = 4,300 கிராமுக்கு மேல. இரண்டு போத்தல் தின்னுறது 60 கிராம் சொச்சம். நூற்றுக்கு ஒண்டரை. பிறகு ஏன் பீஎச் இறங்கினது? அமிலம் பைகாபனேற்றோட சேர்ந்து காபனீரொட்சைட்டை விடுது. அந்த வாயு தண்ணிக்குள்ள நிக்கும் வரைக்கும் பீஎச் கீழ. காத்தோட போனதும், பாசி உறிஞ்சினதும் பழைய இடத்துக்கு வந்திடும். இன்னொரு கூத்து: வினாகிரியில இருக்கிற அசற்றிக் அமிலத்தை பக்ரீரியா தின்னும்போது ஒட்சிசனும் குறையும், நீங்கள் குறைச்ச கேஎச்சும் திரும்ப வரும். காசு குடுத்து மூச்சுத்திணறல் வாங்கின கணக்கு. கடையில விக்கிற திரவமும் போத்தலுக்குள்ள அடைச்ச அமிலம்தான், விலைதான் வேற.

இப்ப உண்மையான பிரச்சினை. காலமை 8.1, பின்னேரம் 8.8. இந்த ஏற்ற இறக்கம் கடினத்தால வாறது இல்லை, பாசியால வாறது. பகல் வெயிலில பாசி காபனீரொட்சைட்டை இழுக்க பீஎச் ஏறும். இரவு எல்லாமே மூச்சு விட இறங்கும். ஒரு நாளில 0.3, 0.4 மாறினால் பிரச்சினை இல்லை. 0.7 கூட.

அதோட அமோனியா 0.25 இருக்கு. மருந்து காட்டுறது மொத்த அமோனியா. மீனைக் கொல்லுறது அதில அயனாகாத பங்கு மட்டும். 30 பாகை வெப்பத்தில பீஎச் 8.1 எண்டால் அந்தப் பங்கு 9 வீதம், அதாவது 0.023 மி.கி. பீஎச் 8.8 எண்டால் 34 வீதம், 0.084 மி.கி. எல்லை 0.02க்கும் 0.05க்கும் இடையில. காலமை பார்த்தால் பரவாயில்லை, பின்னேரம் பார்த்தால் செவிள் எரியிற அளவு. ஒரே தொட்டி, ஒரே அமோனியா. பின்னேரம் மீன் மேல வந்து செவிளை அகட்டுறது, உடம்பைச் சுவரில உரசுறது கண்டால் ஒட்டுண்ணி எண்டு மருந்து போட முதல் இதைப் பாருங்கோ.

செய்ய வேண்டியது:

நிழல். 50 தொடக்கம் 70 வீத நிழல் வலை, முக்கியமா மேற்குப் பக்கம், மத்தியான வெயிலுக்கும் பின்னேர வெயிலுக்கும். கிடுகு போடாதேங்கோ, மழையில ஊறி மண்ணிறச் சாறு வடியும், உக்கி உக்கி விழும்.

தண்ணியே பச்சையா இருந்தால் 40 வாற் அளவில யூவீ (புறஊதா) விளக்கு. சுவரில நூல் மாதிரி வளர்ற பாசிக்கு யூவீயால ஒரு பிரயோசனமும் இல்லை, கையால வழிச்செடுக்கிறதுதான். யூவீயின்ர கண்ணாடிக் குழாயில உங்கட தண்ணி ஒரு மாதத்தில சுண்ணாம்பு பூசிடும், வெளிச்சம் வெளியில வராது. மிஞ்சின வினாகிரிக்கு வேலை அங்க இருக்கு: மாதம் ஒருக்கா கழட்டி அரை மணித்தியாலம் ஊறவைச்சுத் துடையுங்கோ.

காத்து மோட்டர் நிமிசத்துக்கு 60 தொடக்கம் 80 லீற்றர், இரவும் பகலும். பகலில வெளிக்காத்தில இருந்து கொஞ்சம் காபனீரொட்சைட்டு உள்ள வரும், இரவில மிஞ்சினது வெளியில போகும். இரண்டு முனையும் கிட்ட வரும்.

தீனை காலமை 8 மணிக்கும் 11 மணிக்கும் பிரிச்சுப் போடுங்கோ. பின்னேரத் தீன் வேண்டாம். மூண்டு வருச வடிகட்டியில 0.25 நிக்கக் கூடாது. மூண்டு அறையையும் ஒரே நாளில கழுவுற பழக்கம் இருந்தால் அதை விடுங்கோ. கிழமைக்கு ஒரு அறை, தொட்டித் தண்ணியால. வடிகட்டி ஊடகத்தில (அமோனியாவைத் தின்னுற பக்ரீரியா ஒட்டி வளர்ற பொருள்) வெள்ளைப் படை ஏறியிருந்தாலும் பக்ரீரியாவுக்கு இடம் குறையும்.

பாசிக்கு செப்பு சல்பேற்று போடச் சொல்லி ஆராவது வருவினம். வேண்டாம். பாசி மொத்தமாச் செத்து இரவோட இரவா ஒட்சிசனைக் குடிச்சிடும்.


செம்மண்தரை:

குளக்கட்டு சொன்னது சரி, தொட்டிக்குள்ள அமிலம் கூடாது. ஆனா வெளியில செய்யலாமே. தாங்கியில 1,000 லீற்றர் கிணத்துத் தண்ணி நிரப்பி, ஐதரோகுளோரிக் அமிலம் விட்டு, ஒரு நாள் காத்து அடிச்சு, பிறகு தொட்டிக்கு. கேஎச் 20ஐ 10க்குக் கொண்டுவர 1,000 லீற்றருக்கு 33 வீத அமிலம் 340 மி.லீ. அளவில போகும். தண்ணிக்குள்ள அமிலத்தை விடோணும், மாறிச் செய்யக்கூடாது. கையுறை, கண்ணாடி கட்டாயம். அல்லது வீட்டுக்கு வைக்கிற உப்புப் போடுற மென்மையாக்கி ஒண்டு பூட்டினால் எல்லாம் முடிஞ்சுது.


கருங்கல்:

அமிலக் கணக்குச் சரிதான். ஆனால் அதனால் கிடைப்பது என்ன? கேஎச் பாதியாகும், ஜீஎச் 28 அப்படியே நிற்கும், லீற்றருக்கு 127 மி.கி. குளோரைட்டு புதிதாகச் சேரும். பூநகரிப் பக்கம் உவர் ஏறிய கிணறுகளில் குளோரைட்டு ஏற்கெனவே கூட. அதோடு மலசலகூடம் கழுவ விற்கும் அமிலத்தின் செறிவு போத்தலுக்குப் போத்தல் வேறு. அதில் இரும்பு என்ன, வேறு உலோகம் என்ன என்று எவருக்கும் தெரியாது. 340க்குப் பதில் 700 விட்டால் கேஎச் முழுவதும் போய்விடும்.

மென்மையாக்கி பற்றிய நம்பிக்கை தவறானது. அது கல்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. பைகாபனேற்றைத் தொடுவதேயில்லை. ஜீஎச் கிட்டத்தட்டப் பூச்சியம், கேஎச் அதே 20, பீஎச் அதே இடம். கல்சியம் இல்லாத சோடியத் தண்ணீரில் கொய்யை விடுவது கடினத் தண்ணீரில் விடுவதைவிட மோசம். குழாய்க்கும் கேத்திலுக்கும் அது நல்ல கருவி, தொட்டிக்கு இல்லை.

இன்னொன்று கேட்காமலே சொல்கிறேன்: டீடிஎஸ் மானியைக் காட்டி "கடினம் 900" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். அது கரைந்த எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும், உப்பு உட்பட. கடினம் அதில் ஒரு பங்குதான்.

பரந்தன்தொட்டி கேட்காத, ஆனால் அவருடைய அளவுகளிலேயே இருக்கிற விடயம் ஒன்று உண்டு. கிணற்றில் கேஎச் 20, தொட்டியில் 17. அந்த மூன்று பாகையில் ஒரு பங்கு சுவரில் ஒட்டியிருக்கிறது. நிலத்தடியில் காபனீரொட்சைட்டு நிறைய அடைபட்டிருப்பதால் பீஎச் 7.1, மேலே வந்து வாயு போனதும் பீஎச் ஏற, கல்சியம் காபனேற்று படிந்துவிடுகிறது. ஆகவே கிணற்றுத் தண்ணீரின் பீஎச்சை உடனே அளந்து பயன் இல்லை. ஒரு வாளியில் 24 மணித்தியாலம் காற்றடித்துவிட்டு அளந்தால்தான் தொட்டிக்குள் அது எங்கே போய் நிற்கும் என்பது தெரியும். தண்ணீர் மாற்றும்போதும் குழாயை நேரே அடியில் விடாமல், பூவாளி முனை போட்டு மேலிருந்து தெளித்து விடுங்கள். அடைபட்ட வாயு போகும், ஒட்சிசன் ஏறும், இரும்பு இருந்தால் அதுவும் துருவாகப் பிரியும்.

கோடையில் கடினம் ஏறுவதற்கு ஆவியாதலே காரணம். சோளகம் வீசும் நாட்களில் நாளுக்கு 6 மி.மீ. போகிறது என்று வைத்தால், 12 சதுர மீற்றரில் 72 லீற்றர். மாதம் 2,160 லீற்றர். ஆவியாவது வெறும் தண்ணீர். சுண்ணாம்பு உள்ளேயே நிற்கும். அதைக் கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினால் மாதம் ஒரு கிலோவுக்கு மேல் கடினப் பொருளைக் கொட்டுகிறீர்கள். ஒரு பங்கு சுவரில் படியும், மிச்சம் சேரும்.

சும்மா நிற்கிற 5,000 லீற்றர் தாங்கியின் வேலை இதுதான். மழைநீரைத் தாங்கியில் பிடியுங்கள், தொட்டியில் அல்ல. ஆவியாகும் அளவை மட்டும் அதனால் நிரப்புங்கள். தனி மழைநீர் என்றால் 69 நாள் வரும். பாதி கிணறு, பாதி மழை என்றால் நாலரை மாதம். வைகாசியில் தொடங்கினால் புரட்டாதி நடுப்பகுதி வரை கொண்டுபோகலாம். கிழமைக்கு மாற்றும் 1,440 லீற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரே போதும்.

பிடிக்கும்போது முதல் மழையை வெளியே விடுங்கள், ஓட்டிலிருக்கிற தூசும் குருவி எச்சமும் போகட்டும். பிளாஸ்ரிக் தாங்கி என்பது நல்லது. சீமெந்துத் தாங்கியில் மழைநீர் நின்றால் சுவர்ச் சுண்ணாம்பை இழுத்துப் பீஎச் 9க்கு மேலும் போகும். கூரை புதுத் தகரமாக இருந்தால் நாகம் (துத்தநாகம்) கரையும், அந்தத் தண்ணீரை மீனுக்குப் பாவிக்கக் கூடாது. உங்களுடையது ஓடு என்பதால் கவலையில்லை.


பரந்தன்தொட்டி:

நன்றி. இரண்டு விளக்கம் வேணும். பீலிக் குழாயைக் கழட்டச் சொன்னதுக்குக் காரணம் இன்னும் வரேல்லை. மழைதானே, தொட்டிக்கு நேராவும் விழுது. அடுத்தது, கடினத் தண்ணியில சிவப்பு மங்கும், கறுப்புப் புள்ளி வரும் எண்டு சொல்லுகினம். அது உண்மையா?


குளக்கட்டு:

தொட்டிக்கு நேரா விழுற மழை பெரிய விசயமே இல்லை. கார்த்திகை ஒரு மாதத்தில 300 மி.மீ. பெய்தால் 12 சதுர மீற்றருக்கு 3,600 லீற்றர். கலந்து கலந்து வழிஞ்சு போக, கேஎச் 17 எண்டது 13 அளவில வந்து நிக்கும். அதுவும் ஒரு மாதமா, ஆறுதலா. நல்லதுதான்.

கூரை அப்பிடி இல்லை. தாழமுக்கம் வந்து ஒரே நாளில 100 மி.மீ. கொட்டினால் 80 சதுர மீற்றர் 8,000 லீற்றரை உங்கட தொட்டிக்குள்ள இறக்கும். தொட்டியில பாதிக்கு மேல. கேஎச் 17 ஒரு நாளில 10க்கு. இரண்டாம் நாளும் அப்பிடியே எண்டால் 6க்குக் கீழ. 2018 மார்கழியில இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த மாதிரி ஒரு மழை வந்தால் கணக்குப் பார்க்கவே தேவையில்லை. மீனுக்கு 17 பழக்கம், 6 உம் பழகும். ஆனா இரண்டு நாளில இல்லை. உப்புச்சத்து, வெப்பம், ஜீஎச் எல்லாம் ஒண்டா விழும். சளி கழண்டு துடுப்பு சிவக்கும்.

அதுக்குமேல வடிகட்டியும் கேஎச்சைத் தின்னும். ஒரு கிராம் அமோனியா நைதரசன் நைத்திரேற்றாக மாற 7.14 கிராம் காரம் போகும். உங்கட 100 கிராம் தீனில 3.5 கிராம் அளவு நைதரசன் அமோனியாவா வரும். நாளைக்கு 25 கிராம் காரம். தொட்டிக் கணக்கில மாதம் மூண்டு பாகை. கிணத்துத் தண்ணி மாத்துற வரைக்கும் இது தெரியாது. மாரியில "அதுதான் மழை பெய்யுதே" எண்டு தண்ணி மாத்துறதை நிப்பாட்டுறதுதான் எல்லாரும் விடுற பிழை. கேஎச் 3, 2 எண்டு போய், ஒரு விடியக்காலமை பீஎச் 6க்குக் கீழ கிடக்கும், பக்ரீரியா வேலை செய்யாது.

அதால பீலியைத் தாங்கிக்குத் திருப்பி, தாங்கி நிரம்பினால் காணிக்கு வழிய விடுங்கோ. மாரியிலயும் கிழமைக்கு 10 வீதம் கிணத்துத் தண்ணி மாத்துங்கோ. கேஎச்சைக் கிழமைக்கு இரண்டு தரம் பாருங்கோ. கேஎச் 20இல சொட்டு மருந்து கெதியா முடியும், 5 மி.லீ.க்குப் பதிலா 2.5 மி.லீ. எடுத்தால் ஒரு சொட்டு இரண்டு பாகை. கோடைக்கு அது போதும், மாரியில முழு அளவு எடுங்கோ.

எப்பிடியோ கேஎச் 6க்கு வந்திட்டுது எண்டால், கடைக்கு ஓட முதல் கிணத்தைப் பாருங்கோ. 20 வீதத்தை வெளியேத்தி 2,880 லீற்றர் கிணத்துத் தண்ணி விட்டால் கேஎச் 8.8. அதே ஏற்றத்தை அப்பச்சோடாவால எடுக்க 1.2 கிலோ வேணும் (1,000 லீற்றருக்கு ஒரு பாகை ஏத்த 30 கிராம், உங்கட தொட்டிக்கு ஒரு பாகைக்கு 430 கிராம்). மோட்டர் பழுது, கரண்ட் இல்லை எண்டால் அப்பச்சோடா கைவசம் இரண்டு கிலோ இருக்கட்டும். வாளியில கரைச்சு, வடிகட்டித் தண்ணி திரும்ப விழுற இடத்தில மெல்ல ஊத்துங்கோ, நாளைக்கு ஒரு பாகை, மிஞ்சினால் ஒண்டரை. வெத்திலைச் சுண்ணாம்போ நீத்துச் சுண்ணாம்போ கிட்டவும் கொண்டுவராதேங்கோ. அது பீஎச்சை 12க்குத் தூக்குற சாமான். அமோனியா இருக்கிற தொட்டியில பீஎச்சைத் திடீரெண்டு ஏத்துறதும் நஞ்சு வைக்கிறதும் ஒண்டு, எனவே முதல் அமோனியாவைப் பாருங்கோ.


கருங்கல்:

நிறம் பற்றி. கொய் வளர்ப்பாளர் பலரும் சொல்வது அதுதான்: கடினமும் பீஎச்சும் கூடிய தண்ணீரில் கறுப்பு இறுகும், சிவப்பின்மேல் சிறு கறுப்புப் புள்ளிகள் எழும். யப்பானின் நிகாட்டாவில் மென்மையான தண்ணீர்க் களிமண் குளங்களில் வளர்ந்த மீன் இங்கே வந்து புள்ளி போடுவதை இப்படித்தான் விளக்குகிறார்கள். ஷோவா, உட்சுரி (கறுப்பு நிறம் முக்கியமான கொய் வகைகள்) வைத்திருப்பவருக்கு எங்கள் தண்ணீர் சாதகம். கொஹாகு (வெள்ளையில் சிவப்பு) வைத்திருப்பவருக்குக் கொஞ்சம் கவலை. ஆனால் புள்ளிக்குப் பாரம்பரியமும் காரணம். ஜீஎச்சை 27இலிருந்து 15க்கு இறக்க அலைவதை விட, பிள்ளை மீன் வாங்கும்போது கடினத் தண்ணீரிலேயே உள்ளூரில் பொரித்து வளர்த்ததாகப் பார்த்து வாங்குவது மலிவு.

சிப்பி பற்றி எவரும் எழுதவில்லை. ஊரிச் சிப்பி கழுவி வலைப்பையில் போட்டு வடிகட்டியின் கடைசி அறையில் தொங்கவிடுங்கள், 1,000 லீற்றருக்கு ஒரு கிலோ அளவில் தொடங்கலாம். பீஎச் 8க்கு மேல் நிற்கும் கோடையில் அது கரையவே கரையாது, சும்மா கிடக்கும். மாரியில் பீஎச் 7.5க்குக் கீழே இறங்கினால் தானாகக் கரையத் தொடங்கும். மேலே சளி படிந்தால் கரையாது என்பதால் ஐப்பசியில் ஒருமுறை எடுத்துத் தேய்த்துக் கழுவிப் போடுங்கள். இதை மட்டும் நம்பிக் கேஎச் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. சிப்பி மெதுவானது, கூரைத் தண்ணீர் வேகமானது. முருகைக்கல் வேண்டாம், கடலில் எடுப்பது சட்டப்படி தடை, சிப்பி செய்யும் வேலைக்கு மேல் அது ஒன்றும் செய்யாது.


செம்மண்தரை:

மென்மையாக்கி விசயத்தில என்ர பிழை, ஒத்துக்கொள்ளுறன். மாரிக்கு ஒண்டு சேர்க்கிறன். வெள்ளம் வடிஞ்ச கையோட கிணறுகளுக்குக் குளோரின் தூள் போடுவினம். குழாய்க்கிணறு மூடியிருக்கிறதால பெரும்பாலும் போடாயினம், ஆனா பக்கத்துத் திறந்த கிணத்தில இருந்து இறைக்கிறது எண்டால் விசாரிச்சிட்டு இறையுங்கோ. மணந்து பார்க்கிறது காணாது. குளோரின் சொட்டு மருந்து இருந்தால் பாருங்கோ; லீற்றருக்கு 1 மி.கி. குளோரின் இருந்தால் 1,000 லீற்றருக்குச் சோடியம் தயோசல்பேற்று 7 கிராமை முதலில தாங்கியில கரைச்சிட்டுத்தான் தொட்டிக்கு விடோணும். வடிகட்டி ஊடகத்தையும் அந்தத் தண்ணியால கழுவாதேங்கோ.


பரந்தன்தொட்டி:

பீலி தாங்கிக்குத் திருப்பியாச்சு. நிழல் வலை மேற்குப் பக்கம் கட்டி நாலு நாள்: காலமை 8.1, பின்னேரம் 8.5. அமோனியா இன்னும் 0.25, வடிகட்டியில முதலாம் அறை மட்டும் கழுவினது. அடுத்த கிழமை அளவோட திரும்ப எழுதுறன்.


குளக்கட்டு:

8.5இல அந்த 0.25க்கு அயனாகாத பங்கு 20 வீதம், 0.05. எல்லைக் கோட்டில நிக்குது. அமோனியா பூச்சியம் காட்டும் வரைக்கும் தீனை 60 கிராமுக்குக் குறையுங்கோ, இரண்டாம் அறையைக் கழுவ இன்னும் பத்து நாள் விடுங்கோ.